ஓடிபி யாருக்கு வருகிறது?

கேட்கப்பட்டது இது: கிராமத்து மகளிர் சுய உதவிக் குழு, 14 பேர், பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஸ்மார்ட்போன். ரீல்ஸும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போக, உரிமை என்று சொல்லிக்கொள்ளும் எதற்காவது அந்தப் போன் உதவுமா? உதவும் என்றால் ஊக்குநர் எதிலிருந்து தொடங்குவது?

எந்தச் செயலியை இறக்குவது என்பதில் தொடங்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் மூன்றே கேள்வி கேளுங்கள். கையிலிருக்கும் சிம் யார் பெயரில்? ஆதாரோடு இணைந்திருப்பது எந்த எண்? வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி யாருடைய போனில் விழுகிறது? சிம் கணவர் பெயரில், ஆதாரில் தொலைந்துபோன ஏதோ பழைய எண், வங்கிச் செய்தி மகனுக்கு என்பதுதான் பல வீடுகளில் வரும் பதில். இந்த நிலையில் போன் அவள் கையில் இருந்தாலும் உரிமை இன்னொருவர் கையில்தான். இன்று அரசிடமோ வங்கியிடமோ "நான்தான் அவள்" என்று நிரூபிப்பது அந்த ஆறு இலக்க ஓடிபி. அது போய்ச் சேரும் போன் யாருடையதோ, அவர் வைத்ததுதான் சட்டம்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி தங்களிடம் உண்டு என்று சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 54 விழுக்காட்டினர். ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57. "பயன்படுத்துகிறேன்" என்பதற்கும் "என் பெயரில் இருக்கிறது" என்பதற்கும் நடுவில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதலில் அதை அடைக்க வேண்டும்.

சிம்மிலிருந்து தொடங்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், அந்த எண்ணுக்கு உரியவர் பெயரில் மொத்தம் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்று பட்டியல் வரும். பெரும்பாலான மாநிலங்களில் ஒருவருக்கு 9 வரைதான் அனுமதி. தனக்குத் தெரியாத எண் இருந்தால் "என் எண் அல்ல" என்று குறித்துவிடலாம். ஆதார் நகலைக் கொடுத்துச் சிம் வாங்கிய கடையிலேயே இன்னொரு சிம்மும் அதே பெயரில் கிளம்பியிருப்பது புதிதல்ல. கையிலிருக்கும் சிம் கணவர் பெயரில் இருந்தால், எண்ணை மாற்றாமலே பெயரை மாற்ற முடியும். இருவரும் அடையாளச் சான்றோடு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போக வேண்டும். அவர் வரமாட்டார் என்றால் தன் பெயரில் புது சிம் வாங்குவதே குறுக்குவழி.

அடுத்தது ஆதார். கைப்பேசி எண்ணை மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம், கைரேகை போதும். ஆதார் மையத்திலோ அஞ்சலகத்திலோ செய்யலாம். அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்தும் செய்து தருகிறார். குழுக் கூட்ட நாளில் தபால்காரரை வரச்சொன்னால் ஒரே மதியத்தில் 14 பேருக்கும் முடிந்துவிடும். வேலை செய்து கைரேகை தேய்ந்தவர்களுக்கு முதல் விரல் பதியாது. கையைக் கழுவித் துடைத்து, மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவிழிப் பதிவுக் கருவி இருக்கும் மையமென்றால் தொல்லையே இல்லை.

மூன்றாவது வங்கி. இங்கே பலர் தடுமாறுவது "ஆதார் இணைப்பு" என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால். வங்கிக் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது ஒன்று. அரசுப் பணம் நேரடியாக வருவதற்காக, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் எந்த வங்கி ஏறியிருக்கிறது என்பது வேறொன்று. அந்தப் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரே வங்கிக்குத்தான் இடம். கடைசியாக இணைத்தது எதுவோ அங்கேதான் பணம் போகும். நகைக்கடனுக்காகப் புதிதாகக் கணக்குத் தொடங்கும்போது படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பார்கள். அடுத்த மாதம் பணம் வரவில்லை என்று பழைய வங்கியில் போய் நிற்பார்கள். மை ஆதார் தளத்தில் "வங்கி இணைப்பு நிலை" என்ற பக்கம் வங்கியின் பெயரைக் காட்டிவிடும். அதைப் பார்க்கவும் ஓடிபி வேண்டும், அதனால்தான் எண்ணை முதலில் சரிசெய்யச் சொன்னேன்.

2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத்தொகை மாதம் ரூ.1,000 என்று தொடங்கியபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்திலேயே கை வைத்தன. இதற்கு எளிய மருந்து உண்டு. "அடிப்படைச் சேமிப்புக் கணக்கு" என்று எழுதிக் கொடுத்தால் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி எல்லா வங்கிகளும் அதைத் தரவேண்டும். குழுக் கணக்கின் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போகிறது என்பதையும் இதே சாக்கில் பாருங்கள். கணக்கை இயக்கும் பிரதிநிதிகளில் ஒருவரின் கணவர் எண் அங்கே இருந்தால், 14 பேரின் சேமிப்புக்கும் அவர்தான் காவலாளி.

இனி, பலர் பேசத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன். நிலம். தமிழ்நாட்டில் ஒரு பெண் போனை வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம், பிறந்த வீட்டுச் சொத்தின் நிலையைப் பார்ப்பது. முன்பு இதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். அவர் அண்ணனிடம் சொல்லிவிடுவார், தீபாவளிச் சீர் நின்றுபோகும். இப்போது இரண்டு தளங்கள் போதும்.

ஒன்று, வருவாய்த் துறையின் இ-சேவைத் தளம். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண்ணும் (சர்வே எண்) உட்பிரிவும் கொடுத்தால் பட்டாவும் சிட்டாவும் திரையில் வரும். உரிமையாளர்கள் பெயர், நன்செய் புன்செய், பரப்பு, தீர்வை எல்லாம் அதில் இருக்கும். பரப்பு ஹெக்டேர் - ஏர் கணக்கில் இருப்பதால் பலர் குழம்புவார்கள். 0 - 40.50 என்றிருந்தால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். 1 ஏர் கிட்டத்தட்ட 2.47 சென்ட். அப்பா இறந்து பத்து வருடம் ஆனபின்னும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. அண்ணன்கள் பெயர் மட்டும் ஏறியிருந்தால் அடுத்த தளத்துக்குப் போக வேண்டும்.

அது பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட். மின்னணுச் சேவைகள் என்பதற்குள் வில்லங்கச் சான்று, அதற்குள் பார்வையிடுதல். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கொடுக்க வேண்டும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வரும் அட்டவணையில் "தன்மை" என்ற பத்தியை முதலில் படியுங்கள். கிரையம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று இருக்கும். பிறகு எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள். "விடுதலை" என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் பத்தியில் அவள் பெயர் இருந்தால், அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று பொருள். "பட்டா மாத்தணும்மா, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று காரில் அழைத்துப் போன அந்த நாள் எது என்பது, பதிவு நாள் பத்தியைப் பார்த்ததும் பலருக்கு நினைவு வந்துவிடும். பட்டா மாற்றத்துக்காக யாரும் சார்பதிவாளர் முன் விரல் வைக்க வேண்டியதில்லை, அங்கே விரல் வைத்தால் அது ஏதோ ஒரு பத்திரம் என்பதைக் குழுவில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

தேடியும் ஒன்றும் வரவில்லை என்றால் அதற்குக் காரணங்கள் உண்டு. நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் எனும் யூடிஆர் வந்தபோது புல எண்கள் மாறின. பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டுப் பாருங்கள். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கலாம், பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். இணையத்தில் 1975க்குப் பின்னுள்ளவைதான் பொதுவாகக் கிடைக்கும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை எதுவும் வில்லங்கத்தில் தெரியாது. வில்லங்கம் சுத்தமாக இருப்பதால் மட்டும் பங்கு பத்திரமாக இருக்கிறது என்றாகிவிடாது. பட்டாவும் அப்படித்தான், அது வருவாய்ப் பதிவு. உரிமைக்கு முடிவான சான்று அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ள வேண்டும். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் தள்ளிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரத்தில் முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. அப்பா தானே சம்பாதித்து உயில் எழுதாமல் போன சொத்தென்றால் மனைவி, மகன், மகள், அப்பாவின் தாய் எல்லோருக்கும் சமப் பங்கு. கிறித்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் வேறு சட்டங்கள். வில்லங்கத்தையும் பட்டாவையும் பிடிஎப் ஆக இறக்கி வைத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால் பெண்களுக்கு வருமானம் எவ்வளவென்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். தாளோடு போகிறவளை அவர்களும் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

அடுத்தது படம். இதில்தான் போனையே வேண்டாம் என்று பெண்கள் ஒதுங்குகிறார்கள், வீட்டார் பிடுங்கி வைக்கிறார்கள். முகத்தை ஒட்டிய போலிப் படமோ, நம்பி அனுப்பிய படமோ வெளியே வந்துவிட்டது, அல்லது வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான். அந்த நேரத்தில் கை தானாக முதலில் செய்வது இரண்டு: உரையாடலை அழிப்பது, அவனை பிளாக் செய்வது. இரண்டும் அவனுக்கு உதவி. வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் திரைப்பதிவு. வெறும் ஸ்கிரீன்ஷாட்டை விட இது மேல். அவனுடைய புரொபைல் பக்கத்தில் தொடங்கி, எண்ணோ பயனர் பெயரோ தெரியும்படி காட்டி, அப்படியே உரையாடலுக்குள் போய் மேலிருந்து கீழாக நகர்த்துங்கள். தேதியும் நேரமும் திரையில் இருக்க வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றால் காட்சிப் பெயர் எதற்கும் உதவாது, அவன் இன்று ராஜா, நாளை ரோஜா. புரொபைலின் இணைப்பு முகவரியை நகலெடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் "மறையும் செய்திகள்" இயங்கினால் முதலில் அதை நிறுத்துங்கள். படத்தை வெட்டாதீர்கள், மேலே எழுதாதீர்கள். அசல் செய்தி இருக்கும் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு இரண்டு பகுதிகள் கொண்ட ஒரு சான்றிதழைக் கேட்கிறது. எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்பதும், கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண்கோவையான ஹாஷ் மதிப்பும் அதில் வரவேண்டும். கருவியே இல்லையென்றால் அங்கே சிக்கும்.

இரண்டாவது, பரவாமல் தடுப்பது. ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஹாஷ் எனும் எண்கோவை மட்டும் எடுத்து பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுக்கும். அதே படம் அங்கே ஏறினால் அடையாளம் கண்டு தடுப்பார்கள். மிரட்டல் கட்டத்திலேயே செய்துவிடலாம் என்பதுதான் இதன் பலம். படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் தப்பிவிடலாம் என்பதும், வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இது எட்டாது என்பதும் பலவீனம். 18 வயதுக்குக் கீழே இருந்தால் இதே வேலைக்கு "டேக் இட் டவுன்" தளம். சிறுமியின் படத்தை "சான்றுக்காக" என்று கூட யாருக்கும் அனுப்பாதீர்கள், அதுவே குற்றம்.

ஏறிவிட்ட படத்துக்கு அந்தந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் கொடுக்க வேண்டும். அந்தரங்கப் படம், போலியாக ஒட்டிய படம் இரண்டுக்கும் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் முதலில் வைத்த கெடு 24 மணி நேரம், 2026 பிப்ரவரியில் அது 2 மணி நேரமாகக் குறைந்தது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ கொடுக்கலாம். வெறுமனே "ரிப்போர்ட்" பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பதை விட இது வேகம். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியிலேயே போகலாம்.

மூன்றாவது காவல்துறை. தேசிய சைபர்கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் பெயரில்லாப் புகாரின் நிலையைப் பின்தொடர முடியாது. வழக்கு வேண்டும் என்றால் பெயரோடு கொடுப்பதே நல்லது.  "இது எங்க லிமிட் இல்லம்மா" என்ற பதிலுக்கு, எல்லை பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மின்னஞ்சலில் கூடப் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். "நீதானே அனுப்பின" என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது: எடுக்கச் சம்மதித்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றமே என்று புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 77ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். அந்தப் படத்தை எந்தக் காவலரின் சொந்த வாட்ஸ்அப்புக்கும் அனுப்ப வேண்டாம். பென்டிரைவில் போட்டு, உறையிலிட்டு, ஒப்புகையில் குறிப்பிட்டுக் கொடுங்கள்.

இணைய மோசடியில் பணம் பறிபோனால் உதவி எண் 1930. அழைக்கும்போது தொகை, நேரம், வங்கிப் பெயர், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் கையில் இருக்கட்டும். அழுது முடித்துவிட்டு அழைப்பதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். கடன் செயலிகளைப் பற்றி ஒரே வரி: தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அது விதிமீறல். ரிசர்வ் வங்கி 2022லேயே தடுத்துவிட்டது.

வேலையிடத் தொல்லைக்கு ஷி-பாக்ஸ் தளம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் புகார் உள்ளகக் குழுவுக்குப் போகும். அதற்குக் குறைவாக இருந்தாலோ, வீட்டு வேலை செய்பவர் என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

வீட்டுக்குள்ளேயே கண்காணிப்பு என்றால் விஷயம் வேறு மாதிரி. முதலில் பார்க்க வேண்டியது உளவுச் செயலி அல்ல, ஜிமெயில். போன் வாங்கிய அன்று கடைக்காரரோ மகனோ கணவரோ ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்திருப்பார். அமைப்புகளில் கூகுள் என்பதைத் தொட்டால் மேலே ஒரு முகவரி தெரியும். அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் படம், தொடர்புகள், போன் இருக்கும் இடம் எல்லாமே தெரியக்கூடும். அடுத்து வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்". தெரியாத கணினி அங்கே இருந்தால் ஒவ்வொரு செய்தியும் இன்னொருவர் திரையிலும் ஓடுகிறது. பிறகு மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு, போன் செயலியில் கால் ஃபார்வர்டிங், பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் ஸ்கேன்.

கண்டுபிடித்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிடத் தோன்றும். அடிதடி நடக்கும் வீடென்றால் அணைக்காதீர்கள். கண் மூடியது தெரிந்த நிமிடமே அவன் கை ஓங்கும். அந்தப் போனைப் பழையபடி ரீல்ஸுக்கு வைத்துக்கொண்டு, பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழைப்பதும் சட்ட ஆலோசனை கேட்பதும் நம்பகமான குழு உறுப்பினரின் போனிலிருந்து நடக்கட்டும். 181 கட்டணமில்லாத எண், நாள் முழுவதும் இயங்கும். குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருப்பார். தங்க இடம் வேண்டுமென்றால் ஒருங்கிணைந்த சேவை மையம். கண்காணிப்பை அணைப்பதெல்லாம் அவள் வேறிடம் போய்ச் சேர்ந்த பிறகு.

எழுத வராதவர்களுக்கும் இதெல்லாம் எட்டும். ஜிபோர்டு எனும் விசைப்பலகைச் செயலியில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்திப் பேசினால் மனு தயார். ஒரு மனுவில் ஒரு குறை, தேதி, புல எண், ஏற்கெனவே கொடுத்த மனுவின் எண். முதல்வர் உதவி மையத்தின் 1100க்கு வாயால் சொன்னாலும் மனு எண் தருவார்கள். நான்கு குறைகளை ஒன்றாகக் கொட்டினால் ஏதோ ஒரு துறைக்குப் போய், "எங்களுடையதல்ல" என்று முடித்து வைக்கப்படும். முடித்துவிட்டார்கள் என்றால் ரூ.10 கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், "மனு எண் இன்னதன் மீது எடுத்த நடவடிக்கையின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

கடைசியாக, இவ்வளவும் ஏற்றிவைத்த போன் பறிபோனால்? ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் வரும், போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், இரண்டு நம்பகமானவர்களின் போன் எண், மனு எண்கள் எல்லாவற்றையும் குழு நோட்டிலோ வீட்டுக்கு வெளியே வேறெங்கேயோ தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கி, காவல் நிலையத்தில் புகார் ரசீது வாங்கி, அதை வைத்து சஞ்சார் சாத்தியில் கருவியை முடக்கலாம். மாற்று சிம் அன்றே கிடைத்துவிடும். ஆனால் மோசடியைத் தடுக்க, புது சிம்மில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. அன்றைக்கே வங்கி வாசலில் போய் நின்று, ஓடிபி வரவில்லையே என்று பதற வேண்டாம். மறுநாள் போகட்டும்.